காதுக்கு ஒரு கதவு! ஆபீசுக்கு ஹெட்போன் வாங்குவது எப்படி?

கண்ணுக்கு இமை இருக்கிறது. வாய்க்கு உதடு இருக்கிறது. வேண்டாம் என்றால் மூடிக்கொள்ளலாம்.

காதுக்கு மட்டும் கதவு இல்லை! இரவும் பகலும் அது திறந்தே கிடக்கிறது. வருகிற சத்தத்தை எல்லாம் உள்ளே விடுகிறது.

ஓசூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

ஓசூர், தமிழ்நாட்டின் எல்லை ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். பெங்களூர் ஏறக்குறைய 40 கிலோ மீட்டர் தூரம்தான். 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் புறப்பட்டது. லாரி செய்யும் அசோக் லேலண்டு ஆலை வந்தது. டாடா கம்பெனியும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக 1984ல் தொடங்கிய டைட்டன் கம்பெனி, கைக்கடிகார ஆலையை இங்கேதான் அமைத்தது. பிறகு மின்சார ஸ்கூட்டர் வந்தது. கைப்பேசிப் பாகங்கள் செய்யும் ஆலை வந்தது. 2019ல் ஓசூர், மாநகராட்சியும் ஆகிவிட்டது.

பெரிய ஆலைகளைச் சுற்றி எத்தனையோ சிறிய பட்டறைகள்! லேத் பட்டறை, பிரஸ் பட்டறை, வார்ப்படப் பட்டறை. இவற்றுக்குத் தனியாக ஆபீஸ் கட்டிடம் ஏது? மூலையில் அலுமினியச் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டுத் தடுத்திருப்பார்கள். அதுதான் ஆபீஸ்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்குகிறது. "டங்! டங்!" இந்தப் பக்கம் ஒருவர் கம்ப்யூட்டரில் பில் போடுகிறார். அடுத்தவர் இயந்திரப் பாகத்துக்குப் படம் வரைகிறார். மூன்றாமவர் புனாவில் உள்ள கம்பெனியோடு போனில் பேசுகிறார். பக்கத்து மேஜையில் தமிழ். எதிர் மேஜையில் கன்னடம். வாசலில் லாரி டிரைவரோடு தெலுங்கு.

இந்தச் சந்தையின் நடுவே, சென்னையில் இருந்து மேனேஜர் பேசுவது எப்படிக் காதில் விழும்?

ஆகவே ஹெட்போன் வாங்குகிறார்கள். தப்பு இல்லை. ஆனால் வாங்கும்போது பலரும் பார்ப்பது ஒன்று. பார்க்க வேண்டியது வேறு.

கடைக்காரர் சொல்லாதது

கடையில் போய் நின்றால் முதலில் வரும் பேச்சு இதுதான்.

"அண்ணா, இதை வாங்குங்க! பாஸ் அதிரும்!"

அதிரும் ஹெட்போன் கல்யாண வீட்டுப் பாட்டுக்கு ஆகலாம். எட்டு மணி நேரம் ஆபீசில் உட்காருகிறவருக்கு அதிர்ச்சி எதற்கு? அவருக்கு வேண்டியது வேறு. சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பேச்சு தெளிவாக விழ வேண்டும்!

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

வெளியே இரைச்சல் கூடினால் மனிதன் என்ன செய்வான்? உள்ளே சத்தத்தைக் கூட்டுவான். பிரஸ் ஓடும்போது கூட்டிய சத்தத்தை, பிரஸ் நின்ற பிறகு குறைக்க மறந்துவிடுவான். நாளைக்கு இன்னும் ஒரு படி கூட்டுவான். காதும் அதற்குப் பழகிப்போகும்.

பழகியது போலத்தான் தெரியும். உண்மையில் நடப்பது சேதம்!

காதின் உள்ளே நத்தை ஓடு போல ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற முனை கொண்ட உயிரணுக்கள் சுமார் 15,000 உண்டு. சத்தத்தை மூளைக்கு எடுத்துச் சொல்வது இவைதான். நெல் வயலில் காற்று அடித்தால் பயிர் சாய்ந்து நிமிரும் அல்லவா? அதுபோல, சத்தம் வரும்போது இந்த இழைகள் அசைந்து நிமிர்கின்றன. புயல் அடித்தால் பயிர் என்ன ஆகும்? சாய்ந்தது சாய்ந்ததுதான். பயிரை மறுபடி நடலாம். மனிதக் காதில் இந்த உயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைப்பது இல்லை.

சத்தத்தை அளக்கும் அளவுக்கு டெசிபல் என்று பெயர். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து, இசை கேட்கும் கருவிகளுக்கு ஓர் அளவு வகுத்திருக்கின்றன. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம், வாரத்துக்கு 40 மணி நேரம். அதுதான் எல்லை. 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்! 10 டெசிபல் கூடினால், கேட்கும் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது என்ன? ஐந்து நாள் ஆபீஸ் நேரம்! பஸ்ஸில் போகும்போது பாட்டு, இரவில் படம் என்று சேர்த்தால் கணக்கு மிஞ்சிவிடும். கைப்பேசியில் சத்தக் கோட்டை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கும்படியும் அதே நிறுவனம் யோசனை சொல்கிறது.

குறைத்து வைத்தாலும் கேட்க வேண்டும். அதற்குத்தான் பின்பக்கம் மூடிய ஹெட்போன்.

மூடியதும் திறந்ததும்

ஹெட்போனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றின் பின்பக்கத்தில் வலை போல ஓட்டைகள் இருக்கும். காற்று போய் வரும். பாட்டு விஸ்தாரமாகக் கேட்கும். வீட்டில் தனி அறையில் கேட்பவருக்கு அது சுகம். ஆபீசில் அதை மாட்டினால், வெளிச் சத்தம் உள்ளே வரும். உள்ளே ஓடும் பாட்டு பக்கத்து மேஜைக்காரருக்கும் கேட்கும்! சண்டைதான் மிச்சம்.

மற்றொன்று கிண்ணம் போல மூடியது. காதைச் சுற்றி மெத்தை அழுந்தி உட்காரும். கீச்சுக் குரல், பேச்சுக் குரல், உலோகம் மோதும் "டிங்" சத்தம் இவற்றை நன்றாகத் தடுக்கும். ஜெனரேட்டரின் "உம்" என்ற தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. அது சுவரையே துளைத்து வருகிற சத்தம்.

மூடிய வகையிலும் இரண்டு உண்டு. காதின் மேலே உட்காருவது ஒன்று. காதையே முழுதாகச் சுற்றி வளைப்பது ஒன்று. காதின் மேலே உட்காருவது விலை மலிவு. பையில் வைக்கவும் சுலபம். ஆனால் ஒரு மணி நேரத்தில் காது மடல் வலிக்கும். வலித்தால் என்ன செய்வார்கள்? கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள். இடுக்கு விழும். வெளிச் சத்தம் புகும். உடனே கை தானாகவே சத்தத்தைக் கூட்டும்!

சுகம் என்பது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வலிக்காத ஹெட்போன்தான் இடத்தை விட்டு நகராது. நகராத ஹெட்போன்தான் சத்தத்தைத் தடுக்கும்.

நாலரைக் கிலோ தோளில்!

இந்தச் சுகம் மனிதனுக்குச் சும்மா கிடைக்கவில்லை.

1880களில் அமெரிக்காவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்த பெண்கள், ஒரு காதுக்கு மட்டும் உள்ள கருவியைத் தோளில் சுமந்தார்கள். அதன் எடை 10 பவுண்டுக்கு மேல். அதாவது நாலரைக் கிலோவுக்கு மேல்! இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமப்பது போலத்தான். 1910ல் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர், தலையில் மாட்டும் ஜோடிக் கருவியை வீட்டுச் சமையல் அறையில் வைத்தே செய்தார். அமெரிக்கக் கடற்படை அதை வாங்கியது. 1958ல் ஜான் காஸ் என்பவர், இரண்டு காதிலும் தனித்தனியாக இசை கேட்கும் ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டு வந்தார். அப்புறம்தான் வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் இதை வாங்கத் தொடங்கினார்கள்.

இன்று எடை எவ்வளவு தெரியுமா? ஆடியோ-டெக்னிகா கம்பெனியின் ஏ.டி.எச்.-எம்20எக்ஸ் என்ற மூடிய ஹெட்போன், கம்பி நீங்கலாக 190 கிராம். சோனி கம்பெனி 2023ல் விட்ட டபிள்யூ.எச்.-சி.எச்.720என் என்ற கம்பியில்லா ஹெட்போன் 192 கிராம்.

இதைக் கேளுங்கள்! 2020ல் ஆப்பிள் கம்பெனி ஒரு ஹெட்போன் கொண்டு வந்தது. அப்போது இந்தியாவில் விலை 59,900 ரூபாய். எடை சுமார் 385 கிராம். விலை கூடினால் கனம் குறையும் என்று யார் சொன்னது?

எட்டு மணி நேரம் மாட்டுகிறவர் 250 கிராமுக்குள் பார்ப்பது நல்லது. எடை பெட்டியிலோ, கம்பெனி விளக்கத்திலோ எழுதியிருக்கும்.

ஸ்கேலை எடுங்கள்!

வாங்கப் போவதற்கு முன், பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலை எடுத்துக் காதை அளந்து பார்க்கலாம். பெரியவர்களின் காது சாதாரணமாக 6 சென்டி மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம் இருக்கும். மெத்தையின் நடுவில் உள்ள ஓட்டை அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வெளிச் சுற்றளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெளியே பெரிய கிண்ணம், உள்ளே சின்ன ஓட்டை! இப்படி நிறைய உண்டு.

ஆழமும் வேண்டும். ஆழம் குறைந்தால் காது மடல் உள்ளே உள்ள பிளாஸ்டிக்கில் உரசும். கால் மணி நேரம் தெரியாது. சாப்பாட்டு நேரத்துக்குள் கொதிக்கும்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர், கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கொம்பு மெத்தைக்கு அடியில் போகிறது. மெத்தை கல் மாதிரி இருந்தால் கொம்பு பொட்டில் குத்தும். அந்த இடத்தில் இடுக்கும் விழும். மெல்லிய கொம்பும் மிருதுவான மெத்தையும் நல்ல ஜோடி.

பெண்களுக்கு இன்னொரு சங்கடம். தோட்டின் திருகு காதின் பின்னால் குத்தும். ஜிமிக்கி மெத்தைக்குள் மாட்டிக்கொள்ளும். உச்சியில் கொண்டை போட்டால் தலைப்பட்டை உட்காராது. படத்தில் ஹெட்போன் மாட்டியிருக்கும் பெண்ணுக்கு ஜிமிக்கியும் இல்லை, பூவும் இல்லை! ஆகவே தினமும் ஆபீசுக்குப் போகிற கோலத்திலேயே கடைக்குப் போய் மாட்டிப் பார்ப்பதுதான் சரி.

பிறகு வியர்வை. ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 880 மீட்டர் உயரம். மார்கழியில் ஸ்வெட்டர் தேடுவார்கள். அங்கே ரெக்சின் மெத்தை பரவாயில்லை. காதுக்குக் கதகதப்பாகக்கூட இருக்கும். மலை இறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் கதை வேறு. சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் ஆபீசில், ரெக்சின் மெத்தைக்குள் காது வெந்துபோகும். வியர்வையில் ஊறி ஊறி ரெக்சின் உரிந்து, கறுப்புத் தூள் காதில் ஒட்டும். துணி மெத்தை காற்று விடும். ஆனால் ரெக்சின் அளவுக்குச் சத்தத்தைத் தடுக்காது. ஒன்றைப் பெற்றால் ஒன்றை விடத்தான் வேண்டும்.

எந்த மெத்தையானாலும் கழற்றி மாற்றக் கூடியதா என்று பார்க்க வேண்டும். மாற்று மெத்தை கடையில் தனியாகக் கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மெத்தை கிடைத்தால் ஒரு ஹெட்போன் பல வருஷம் உழைக்கும். கிடைக்காவிட்டால், நன்றாகப் பாடுகிற கருவியைக் குப்பையில் போட நேரும்.

ஆகாயத்தில் பிறந்த யோசனை

"இரைச்சலை அழிக்கும் ஹெட்போன்" என்று இப்போது விளம்பரம் செய்கிறார்கள். இது என்ன மாயம்?

இந்த யோசனையின் பின்னால் ஒரு வங்காளித் தகப்பனாரின் பிள்ளை இருக்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துப் போராடி, அமெரிக்காவுக்குத் தப்பிப்போன ஒருவரின் மகன் அமர் போஸ். எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தார். 1978ல் ஐரோப்பாவில் இருந்து விமானத்தில் திரும்பும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனை மாட்டினார். இயந்திர இரைச்சலில் பாட்டு எடுபடவில்லை. அங்கேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார்! 1989ல் அவர் கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்கு விட்டது.

ஹெட்போனில் ஒரு சின்ன மைக் இருக்கும். வெளிச் சத்தத்தை அது கேட்கும். அதற்கு நேர் எதிரான ஒலி அலையைக் கருவி உள்ளே உண்டாக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதரை ஆகிறது அல்லவா? அதுபோல இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும்.

ஆனால் இது விடாமல் ஒரே மாதிரி வரும் தாழ்ந்த சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். பஸ் என்ஜின், ஏ.சி., ஜெனரேட்டர் இவற்றுக்குச் சரி. திடீர் திடீரென்று இறங்கும் பிரஸ்ஸின் "டங்" சத்தத்துக்கு அது ஈடு கொடுக்காது. அதைத் தடுப்பது கிண்ணமும் மெத்தையும்தான்.

தினமும் பஸ்ஸில் எல்லை தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் வருகிறவருக்கு இந்த வசதி பிரயோஜனம். ஓசூர் பட்டறை ஆபீசில் உட்காருகிறவர், அந்தப் பணத்தை நல்ல மெத்தைக்குக் கொடுப்பது மேல்.

பட்டறைக்குள் இதை மாட்டலாமா?

கூடாது!

பாட்டுக் கேட்கும் ஹெட்போன் வேறு. காதைக் காக்கும் மூடி வேறு. ஆலைக்குள் மாட்டும் காது மூடியை, எவ்வளவு சத்தத்தைக் குறைக்கிறது என்று சோதித்து அளந்து விற்கிறார்கள். பாட்டு ஹெட்போனுக்கு அந்தச் சோதனை இல்லை. அதோடு, பாட்டு ஓடினால் போர்க்லிப்ட் வண்டியின் ஹாரன் கேட்காது.

இந்தியத் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருந்து வந்த எல்லை, 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையை, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழில்நோய் அட்டவணையிலேயே சேர்த்திருந்தது. பட்டறைக்குள் காது மூடி கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. தொழிலாளி கைக்காசைப் போட்டு ஹெட்போன் வாங்கிச் சமாளிக்கும் விஷயம் அல்ல அது. ஆபீஸ் குமாஸ்தாவும் ஸ்டாக் பார்க்கப் பட்டறைக்குள் இறங்கினால், ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டுக் காது மூடியை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

சாலையில் மாட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓசூர் நெடுஞ்சாலையில் லாரிகள் எப்படிப் போகும் என்று ஊரே அறியும்.

காசு எங்கே போகிறது?

காதை முழுதாக மூடும் ஹெட்போன் 2,000 ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கம்பி உள்ளது விலை குறைவு. பேட்டரி கிடையாது. ஆகவே பேட்டரி சாகும் என்ற கவலையும் கிடையாது. கம்பியில்லாதது நடமாடச் சௌகரியம். ஆனால் உள்ளே உள்ள பேட்டரி வருஷங்கள் போகப் போகக் கிழடு தட்டும். பேட்டரி தீர்ந்தால் கம்பி செருகியும் கேட்க வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இரட்டை லாபம்.

கம்பியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எம்20எக்ஸ் ஹெட்போனின் கம்பி 3 மீட்டர். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது சரி. ஆபீசில் சுழல் நாற்காலியின் சக்கரம் அதன் மேல் ஏறும்!

செருகும் முனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முனையில் கறுப்பு வளையங்கள் இருக்கும். இரண்டு வளையம் என்றால் கேட்க மட்டும்தான். மூன்று வளையம் என்றால் பெரும்பாலும் மைக்கும் இருக்கும். மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மூன்று வளையம் பார்த்து வாங்க வேண்டும். புதிய கைப்பேசிகள் பலவற்றில் அந்த முனையைச் செருகும் ஓட்டையே இல்லை. அதற்கு இணைப்புத் துண்டு தனியாக வாங்க நேரும்.

பெட்டியில் "ஓம்" என்று ஒரு எண் போட்டிருக்கும். 32 என்று இருந்தால் கைப்பேசியிலேயே நன்றாகக் கேட்கும். 250 என்று போட்டதை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், கைப்பேசியில் முனகும். அதற்குத் தனி ஆம்ப்ளிபயர் வேண்டும்.

போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. கம்பியில்லா ஹெட்போன்களுக்கு இந்திய தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.சின் பதிவு கட்டாயம். பெட்டியிலோ, ஹெட்போனிலோ "ஆர்" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். "பி.ஐ.எஸ். கேர்" என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணை அடித்துப் பார்த்தால், யாருடைய சரக்கு என்று தெரிந்துவிடும். பெட்டியில் அதிகபட்ச விலை, செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி வைத்துவிடலாம்.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது பாட்டுப் போடச் சொல்ல வேண்டாம். முதலில் சும்மா மாட்டிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். தலையைக் குனிந்து மேஜையைப் பார்க்க வேண்டும். வாயை மென்று பார்க்க வேண்டும். ஹெட்போன் வழுக்கினால் தளர்ச்சி. தாடை வலித்தால் இறுக்கம். கூட வந்தவரை மெல்லப் பேசச் சொல்லி, எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பாட்டு. பாட்டைவிடச் செய்தி வாசிப்பது நல்லது. பேச்சு பாதிச் சத்தத்திலேயே புரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

இணையத்தில் வாங்குகிறவர், எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதைப் படித்துவிட்டுக் காசு கட்ட வேண்டும். சிலர் பழுது இருந்தால் மட்டும் திருப்பி எடுப்பார்கள். "காது வலிக்கிறது" என்பது அவர்கள் கணக்கில் பழுது ஆகாது! விற்றவர் வாக்குத் தவறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

வாங்கி வந்த முதல் நாளே ஒரு முழு ஆபீஸ் நேரம் மாட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை பெட்டியைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. ரசீதும் பெட்டியின் உள்ளேயே இருக்கட்டும்.